சிவப்பை அமுக்கியவர்

அவளுக்கு நான் வைத்த பெயர் சக்கரம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்வோம். இவள் விஷயத்தில் அது வெறும் பேச்சில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டீயை முழுசாகக் குடித்து நான் பார்த்ததில்லை. பாதி டீ ஜன்னல் விளிம்பில் ஆறிக்கொண்டிருக்கும், அவள் மாடிப்படியில் போய்க்கொண்டிருப்பாள். டம்ளரைத் தேடிப் பொறுக்குவதே எனக்குத் தனி வேலை.

எல்லாரும் அவளை டாக்டர் என்றார்கள். தலைவலிக்கு ஒரு மாத்திரை கேட்டால் முழிப்பாள்.

"நான் அந்த டாக்டர் இல்ல பெரியம்மா, ஆராய்ச்சி டாக்டர்."

"அப்ப எதுக்கு அந்தப் பட்டம்? வாசல்ல தொங்கவிடவா?"

சிரித்துக்கொண்டே ஓடிவிடுவாள். ஓடுவதற்கு அவளுக்குக் காரணம் வேண்டியதில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற மாடிக் கட்டடத்தில் எனக்குப் பெருக்கித் துடைக்கிற வேலை. கீழே எச்.ஐ.வி.க்கு மாத்திரை கொடுப்பார்கள். மேலே நான்கு அறைகள், அங்கே அவளுடைய ஆராய்ச்சி. அந்தக் கிருமி உடம்பில் இருந்தாலும் தினம் மாத்திரை விழுங்கினால் நிறைய வருஷம் நன்றாக இருக்கலாம் என்று கீழே சொல்லித்தான் கொடுக்கிறார்கள். விழுங்க மனசு வரவேண்டுமே! மனசு விட்டுப்போனவன் மாத்திரையை மறக்கிறான். மறந்தவன் போதை ஊசிக்குப் போகிறான். ஊசிக்குப் போனவனுக்கு இருக்கிற மனசும் போகிறது. இந்தச் சுற்றை எந்த இடத்தில் வெட்டலாம் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. எனக்கு அது புரிய ஒரு நாள்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் குடித்துக் குடித்தே போனவர். அவர் போன அன்று எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம் வந்தது. இரண்டு நாள் தூங்கினேன்.

"உங்க வீட்டுல யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சா?" என்று அவளைக் கேட்காதவர்கள் கிடையாது. அவள் இல்லை என்பாள். உண்மையிலேயே இல்லை. அவளுக்குக் கணக்கு வரும், மனிதர்களிடம் பேச வராது, அவ்வளவுதான். எதிரில் ஒருவர் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தால் அவளுக்கு நாக்கு உள்ளே போய்விடும். வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஏழு வயதில் ஒரு மகள். மகளோடு பேசுவதென்றாலும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டுதான். ஒரு தடவை அவள் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் யாரோ கிள்ளியதை அம்மாவின் முதுகிடம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றுவிடாமல் சொன்னது. முகத்தைப் பார்த்திருந்தால் பாதியைத்தான் சொல்லியிருக்கும்.

அந்த யோசனையைத்தான் ஆராய்ச்சிக்கும் கொண்டுவந்தாள் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் இரண்டு பெண்கள் காகிதத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். "ஊசிய அடுத்தவங்களோட மாத்திக்கிறீங்களா?" என்று கேட்டால் "சேச்சே" என்று பதில் வரும். "மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?" என்றால் "ஒருவேளைகூட விட்டதில்ல." முழுப் பொய். கேட்கிறவளுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும், துடைப்பத்தோடு நிற்கிற எனக்கும் தெரியும்.

சக்கரம் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு சின்ன அறையில் பலகை மாதிரி ஒரு மெஷினை வைத்தாள். வருகிறவர் கதவைச் சாத்திக்கொண்டு காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். குரல் கேள்வி கேட்கும். திரையில் நான்கு கட்டம். பச்சை என்றால் ஒருநாளும் இல்லை. மஞ்சள் என்றால் சில நாள். ஆரஞ்சு என்றால் பாதி நாளுக்கு மேல். சிவப்பு என்றால் அநேகமாகத் தினமும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க எழுத்து தெரியாத ஆள் ஒருத்தி வேண்டுமாம். என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். முதலில் யாரோ வெளியாளைப் பேசவைத்திருந்தாள்.

"என்ன இது, புயல் வருதுன்னு சொல்ற மாதிரி கேக்கறான்? இவன்கிட்ட எவன் மனசத் திறப்பான்?"

அதன் பிறகு சாமான் அறையில் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, இரைச்சல் விழாமல், தன் குரலிலேயே எல்லாக் கேள்வியையும் பதிந்தாள். போர்வைக்குள் அவளுக்கு நாக்கு நன்றாக வேலை செய்தது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிற மாதிரி இருந்தது. "உயிர் வாழ்வதில் விருப்பமின்மை" என்று ஏதோ வைத்திருந்ததை "செத்துட்டா தேவலன்னு தோணுதா?" என்று மாற்றச் சொன்னது நான்.

மூன்று மாதத்தில் உண்மை கொட்ட ஆரம்பித்தது. ஊசி மாற்றிக்கொள்கிறேன் என்றவர்கள் மூன்று மடங்கானார்கள். எங்கிருந்தோ பெரிய ஆட்கள் வந்து கை குலுக்கினார்கள். அவள் கையைக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதில்கள் மெஷினிலேயே இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் கம்ப்யூட்டர்காரர் எடுத்துக் கொடுப்பார். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, பதினோரு மணி இருக்கும், அவர் திரையைப் பார்த்தபடி கூப்பிட்டார்.

"மேடம், இரநூத்திப் பன்னெண்டு. சாவு கேள்விக்குச் சிவப்பு. 'எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா'ங்கறதுக்கும் ஆமா."

"எப்ப?"

"திங்கட்கிழமை."

அவள் நின்றாள். நான் துடைப்பதை நிறுத்தினேன்.

"நாலு நாளா? உடனே சொல்லச் சொல்லி ஒண்ணு வரணுமே?"

"வந்திருக்கும் மேடம். 'வெளியே இருக்கும் பணியாளரிடம் உடனே சொல்லவும்'னு. எத்திக்ஸ் கமிட்டி கேட்டாங்கன்னு கடைசில சேத்தோமே."

ஆராய்ச்சியால் யாருக்கும் கெடுதல் வராமல் பார்க்கிற குழு அது.

"அதுக்குக் குரல்?"

கம்ப்யூட்டர்காரர் வழுக்கைத் தலையைத் தடவினார். "குரல் போடல மேடம். எழுத்து மட்டும்தான்."

எழுபத்துநான்கு கேள்விக்கும் குரல் இருந்தது. அந்த ஒரு வரிக்கு இல்லை. படிக்கத் தெரியாதவர்களுக்காகவே செய்த மெஷினில், உயிர் போகிற இடத்தில் எழுத்தைப் போட்டு வைத்திருந்தார்கள்.

"பெரியம்மாவ வச்சுச் சோதிச்சோமே, அப்ப ஏன் தெரியல?" என்றாள், என்னிடம் இல்லை, சுவரிடம்.

நான்தான் பதில் சொன்னேன். "சிவப்ப அமுக்கினாத்தான அது வரும்? நான் பச்சைய அமுக்கினேன்."

"சரி, உங்களுக்கு அப்படித் தோணல, பச்சை…"

"தோணுச்சு. பொய் சொன்னேன்."

அப்போது என் மகன் பேச்சை அறுத்துக்கொண்டு போயிருந்த சமயம். விரல் சிவப்புக்குத்தான் போனது. ஆனால் காதில் கேட்டது அவள் குரல். காலையில் அவள் முகத்தில் முழித்து டம்ளர் பொறுக்க வேண்டும். பச்சையை அமுக்கிவிட்டு எழுந்து வந்தேன்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "அப்புறம் பேசலாம். செருப்ப மாட்டுங்க."

திரையில் இருந்த பதில்களை மேலிருந்து கீழே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். மெஷினில் பெயர் கிடையாது, எண்தான். எண்ணுக்கு உரிய பெயர் வேறு அறையில், பூட்டின அலமாரியில் இருக்கும். அவளே திறந்தாள். மூன்று தடவை சாவியைத் தவறாகப் போட்டாள்.

"போன் போகல. வயசு நாப்பத்திரண்டு. மெத்தை தைக்கிறவர்."

"நம்ம பஞ்சு!"

தலைமுடியில் எப்போதும் ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டியிருக்கும், அதனால் அந்தப் பெயர். சொன்ன பிறகுதான் திங்கட்கிழமை எனக்கு நினைவு வந்தது. அவர் அறையை விட்டு வந்து நடையில் இருக்கிற பெஞ்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். "அவங்க வருவாங்களா ஆயாம்மா?" என்று கேட்டார். "அவ ஒரு எடத்துல நிப்பாளா? வீட்டுக்குப் போய்ச் சேரு, நான் கழுவிவிடணும்" என்று எழுப்பி அனுப்பினவள் நான்.

பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை, அது இன்னும் மோசம்.

"உங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள் திடீரென்று.

"எனக்கா? இப்ப எனக்கு என் மேலயே இருக்கிற கோவத்துக்கு நூறு வருஷம் இருப்பேன். நீ எறங்குற எடத்தப் பாரு."

இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு அக்கா வீட்டுல இருக்காரு. அக்காவுக்கு எதுவும் தெரியாதுன்னு எழுதியிருக்கு. நோய் பேரோ நம்ம எடத்தோட பேரோ அந்த வாசல்ல நம்ம வாயிலேர்ந்து விழக் கூடாது பெரியம்மா. அது சட்டம்."

"அப்ப என்னன்னு சொல்லிக் கதவத் தட்டறது?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை.

ஓரறை வீடு. வாசலில் கயிறு கட்டித் தலையணை உறைகள் காய்ந்தன. உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அக்கா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"மெத்தை தைக்கிறவரு வீடுதான இது? ஒரு மெத்தை அடிக்கணும்" என்றேன்.

"அவன் மெத்தை அடிச்சு ஆறு மாசம் ஆச்சு. இப்ப மெத்தைதான் அவன அடிச்சுப் போட்டிருக்கு. எந்நேரமும் படுக்கை." சக்கரத்தை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு மெத்தை? இந்தம்மாவோடதா? எத்தன அடி?"

சக்கரம் கையை விரித்து அளவு காட்டினாள். "ஆறுக்கு… மூணு."

"தனியாவா படுக்கற?"

"ஆமா. இல்ல."

"ஏதாவது ஒண்ணச் சொல்லும்மா, துணி கிழிக்கணும்ல."

நான் இடையில் புகுந்தேன். "ஆளு எங்க?"

"எங்கேயோ போச்சு. என்ன கேடோ, நேத்து பெரிய ஊசியையும் கத்திரியையும் எதிர் வீட்டுக்காரனுக்குச் சும்மா தூக்கிக் குடுத்துட்டான். எங்கப்பா வச்சிருந்த கத்திரி. ஏண்டா குடுத்தேன்னா, 'எனக்கெதுக்குக்கா இனிமே'ங்கறான்."

சக்கரம் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்க போனாருன்னு யோசிச்சுச் சொல்லுங்க. இப்பவே. தயவுசெஞ்சு."

அக்கா கையில் இருந்த உறையை மடியில் வைத்தாள். "நீ மெத்தைக்கு வரல."

சக்கரம் வாசல் கயிற்றைப் பார்த்தாள்.

"திங்கக்கிழம திங்கக்கிழம எங்கேயோ போறான். ஆஸ்பத்திரி வாசன அடிக்கும் சட்டைல. நீங்க அங்கேர்ந்தா?"

ஆமாம் என்றால் சட்டம் போச்சு. இல்லை என்றால் ஆள் போச்சு. சக்கரம் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"கேக்காதம்மா. நான் சொல்ல மாட்டேன், இவளுக்குச் சொல்ல வராது. ஆளு எங்கன்னு மட்டும் சொல்லு" என்றேன்.

அக்கா எழுந்து வந்து தெரு முனையைக் காட்டினாள். "அவன் பழைய முதலாளியோட பஞ்சுக் கிடங்கு. மூடிப் பல மாசம் ஆச்சு. பின்பக்கம் தகரம் பேந்திருக்கும், அதுல பூந்து போயிப் படுப்பான். சோறு இருக்குன்னு சொல்லுங்க. நான் திட்டினத மனசுல வச்சுக்க வேணாம்னு சொல்லுங்க."

சக்கரம் ஓடினாள். என் வயசுக்கு நானும் ஓடினேன். தகரத்தைத் தூக்கி நுழைந்ததும் எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. உள்ளே மூட்டை மூட்டையாகப் பழைய பஞ்சு, கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் தூசி பறந்தது. மூலையில் அவர் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது.

நான் மறுபடியும் தும்மினேன்.

"யாரு?" என்றார் பஞ்சு.

"உன் அத்தை. எழுந்திருடா."

தலையைத் திருப்பினார். "ஆயாம்மாவா? இங்க எங்க…" பின்னால் நின்றவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவள் அருகே போனாள். கையை என்ன செய்வதென்று தெரியாமல் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். கடைசியில் வாயிலிருந்து வந்தது இதுதான்: "போன ரெண்டு வாரமா உங்களுக்கு…"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமானது. "மறுபடியும் மொதல்லேர்ந்தா மேடம்? அதான் திங்கக்கிழமையே சொன்னேனே."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான். காதுல உங்க கொரல்தான கேட்டுச்சு? எங்கேயோ உள்ள உக்காந்து கேக்கறீங்க, போன் மாதிரின்னு நெனச்சேன். நான் சிவப்ப அமுக்கினதும் கட்டத்துல ஏதோ எழுத்து வந்துச்சு. 'இருங்க, வர்றேன்'னு எழுதறீங்களாக்கும்னு வெளிய வந்து பெஞ்சுல உக்காந்தேன்."

அவள் சுருட்டின தலைப்பை விட்டுவிட்டாள்.

"வந்தீங்க. போன்ல பேசிக்கிட்டே என்னத் தாண்டிப் போனீங்க. திரும்பி வந்தீங்க, மறுபடியும் தாண்டிப் போனீங்க. அஞ்சு தடவ. நான் எண்ணினேன். சரி, தெரிஞ்சுக்கிட்டேதான் போறாங்க, அப்ப நான் சொன்னது ஒண்ணும் பெரிய விஷயமில்லபோலன்னு எழுந்துட்டேன்."

"எனக்குத் தெரியாது" என்றாள். "அது மெஷின். கொரல் மட்டும்தான் என்னோடது. இன்னிக்குத்தான் பாத்தேன்."

"அப்ப நான் அதெல்லாம் யார்கிட்ட சொன்னேன்?"

"யார்கிட்டயும் இல்ல."

அட மடச்சி, இந்த நேரத்தில் இப்படியா சொல்வார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அவ்வளவு நேரம் அவளைப் பார்க்காதவர் அப்போதுதான் பார்த்தார்.

"அது என் தப்பு. இப்ப சொல்லுங்க, கேக்கறேன்."

"இப்ப வராது மேடம். அங்க மூஞ்சி இல்ல. அதனால வந்துச்சு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு திரும்பி, ஒரு பஞ்சு மூட்டையை இழுத்துப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பஞ்சு என்னைப் பார்த்தார். நானும் தகரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேசினார். ரப்பர் மெத்தை வந்த பிறகு யாரும் பஞ்சு அடிக்கக் கூப்பிடாததில் ஆரம்பித்தார். விட்டிருந்த ஊசி திரும்ப வந்தது, இருபது நாளாக மாத்திரை விழுங்காதது, அக்கா சோறு போட்ட தட்டைத் தானே தனியாக ஒளித்துக் கழுவுவது, அப்படித் தொற்றாது என்று தெரிந்தும் கழுவுவது. மற்றதை நான் இங்கே சொல்ல மாட்டேன். அவர் என்னிடம் சொல்லவில்லை, அந்த முதுகிடம் சொன்னார். அவள் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

முடிந்ததும் திரும்பாமலே கேட்டாள். "இன்னிக்கு உங்களத் தனியா விட்டுட்டுப் போக முடியாது. ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா? மனநல டாக்டர் இருக்காரு."

"அவரும் மொதல்லேர்ந்து கேப்பாரு. இன்னொரு தடவ என்னால முடியாது மேடம்."

"நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன்."

"எல்லாமா?"

"நீங்க விட்டா எல்லாம். வேணாங்கறத விட்டுடறேன்."

அவர் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். தட்டினால் போகிற பஞ்சா அது.

அதற்கப்புறம் நடந்ததும் கொஞ்சநஞ்சமில்லை. தன் மேலேயே புகார் எழுதி எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுத்தாள். ஏழு வாரம் ஆராய்ச்சியை நிறுத்தி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கும் ஏற்பாடு போய், சிவப்பு விழுந்த உடனே நடையில் மணி அடிக்கிற ஏற்பாடு வந்தது. கை குலுக்கின பெரிய ஆட்களில் ஒருவர் போனில் கத்தினார். நானே கேட்டேன். பஞ்சு பதினொரு நாள் வார்டில் இருந்தார். அக்கா தினம் சோறு கொண்டுவந்தாள், எந்த வார்டு, எதற்கு என்று ஒரு வார்த்தை யாரையும் கேட்கவில்லை. பத்தாம் நாள் அவராகவே அக்காவிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

அதெல்லாம் பிறகு. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு மனநல டாக்டரின் அறையில் நாங்கள் நான்கு பேர். மனநல டாக்டர் சின்ன வயசு, காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க, என்ன பண்ணுது?"

பஞ்சு அவளைக் கை காட்டினார். "அவங்களக் கேளுங்க சார். அவங்களுக்குத் தெரியும்."

டாக்டர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு வியர்த்தது. கதவைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் ஓடிவிடுவாள். கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"சொல்லலாமா?" என்று பஞ்சுவைக் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

ஆரம்பித்தாள். காகிதம் இல்லை, மெஷின் இல்லை. காலையில் ஒரே ஒரு தடவை திரையில் பார்த்த பதில்களை வரிசையாகச் சொன்னாள். முதல் இரண்டு பதில் தடுமாறியது. பிறகு குரல் நேராக வந்தது. பஞ்சு கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, தன்னைப் பற்றித் தானே கேட்டுக்கொண்டிருந்தார். சாவு கேள்விக்கு வந்தபோது அவள் குரல் தாழ்ந்தது, ஆனால் நிற்கவில்லை. டாக்டர் எழுதினார்.

"தூக்கம் இல்ல. அது சிவப்பு. தினமும்" என்றாள்.

பஞ்சு கண்ணைத் திறந்தார்.

"தினமும்னு போடாதீங்க சார். போன வாரம் ரெண்டு நாள் மழை. அந்த ரெண்டு நாளும் நல்லாத் தூங்கினேன்."

டாக்டர் அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.